துணுக்காயிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: கணித ஆசிரியராக எந்தப் பட்டம், எந்த உதவிப்பணம்?

பிள்ளை, நீர் கேட்டது மூன்று. கணித ஆசிரியராக வருவதற்குக் கம்பஸ் போகவேண்டுமா, ஆசிரியரைப் பயிற்றுவிக்கும் கல்வியியற் கல்லூரி போதுமா என்பது ஒன்று. வயலும் கூலியுமாக ஓடுகிற வீட்டிலிருந்து நாலு வருடம் படிக்கக் காசுக்கு என்ன வழி என்பது இரண்டு. இந்தியாவிலோ வேறு நாட்டிலோ புலமைப்பரிசில் கிடைக்குமா என்பது மூன்று. உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறேன் என்றும் சொல்லியிருந்தீர். ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் மடுவிலும் இதே கேள்வியோடு பிள்ளைகள் இருப்பார்கள். ஆகவே எல்லாருக்கும் பயன்படும்படி விரிவாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உமக்குக் கணிதம் உண்மையில் பிடிக்கும் என்றால், பல்கலைக்கழகம் கிடைக்கும் அளவுக்குப் புள்ளி வந்தால், பட்டத்தையே தெரிவு செய்யும். காசு இல்லை என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் அதை விட்டுவிடாதேயும். அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகப் படிப்பதற்குக் கட்டணம் கிடையாது. செலவு என்பது தங்குமிடம், சாப்பாடு, பஸ், போட்டோக்கொப்பி, பழைய மடிகணினி ஒன்று, இவ்வளவுதான். அதைச் சமாளிக்க வழி இருக்கிறது. கணிதத்தை அடி வரைக்கும் படித்த ஆசிரியர் இல்லாத குறையைச் சமாளிக்கத்தான் எங்கள் பக்கத்தில் வழி இல்லாமல் இருக்கிறது.

எந்தப் பட்டம் என்று பார்ப்போம். வன்னிக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது என்பதை எங்கள் பெற்றோர் பலர் இன்னும் மனதில் எடுக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக 1997 முதல் இயங்கி வந்தது, 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நிற்கிறது. நகரிலிருந்து மன்னார் வீதியால் போனால் பம்பைமடுவில் இருக்கிறது. அங்கே பிரயோக விஞ்ஞான பீடத்தில் பிரயோக கணிதமும் கணினியும் சேர்ந்த பட்டநெறி உண்டு. வகையீட்டுச் சமன்பாடுகள், எண்சார் முறைகள், புள்ளிவிபரவியல், அவற்றோடு கணினி நிரலாக்கம் என்று போகும். கணித ஆசிரியராக வர விரும்புகிற, வீட்டை விட்டு அதிக தூரம் போக முடியாத ஒரு வன்னிப் பிள்ளைக்கு இது நல்ல வாய்ப்பு. எதிர்காலத்தில் தகவல் தொழில்நுட்பமும் படிப்பிக்கலாம் என்பது இன்னொரு பலம்.

அடுத்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். திருநெல்வேலியில் உள்ள விஞ்ஞான பீடத்துக்குப் பௌதிக விஞ்ஞானம் என்ற நெறிக்கூடாகப் போகவேண்டும். தூய கணிதம், பிரயோக கணிதம், புள்ளிவிபரவியல், பௌதிகவியல், கணினி விஞ்ஞானம், இரசாயனவியல் முதலியவற்றிலிருந்து பாடங்களைச் சேர்த்து எடுக்கலாம். மூன்று வருடப் பட்டத்தோடு நிறுத்தலாம், நல்ல பெறுபேறு எடுத்தால் நாலாவது வருடமும் சேர்த்துக் கணிதத்திலேயோ புள்ளிவிபரவியலிலேயோ சிறப்புப் பட்டம் செய்யலாம். தூய கணிதத்தை ஆழமாகப் படிக்க ஆசை என்றால் வடக்கில் இதுதான் இடம். கிழக்கில் வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் விஞ்ஞானப் பட்டங்களுக்குள் கணிதம் படிக்கலாம். பேராதனை, கொழும்பு போன்ற பல்கலைக்கழகங்களும் திறந்தே இருக்கின்றன, புள்ளி இருந்தால் அவற்றைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

இடையில் ஒரு தெளிவு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருப்பதால், அங்கேயே கணிதப் பட்டமும் படிக்கலாம் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பவை பொறியியல், விவசாயம், தொழினுட்பம். கணிதப் பட்டத்துக்குத் திருநெல்வேலிக்குத்தான் போகவேண்டும்.

இனி அனுமதி நடக்கும் விதம். இது விளங்காமல் எத்தனையோ பிள்ளைகள் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை இழந்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியும். ஒரே தடவையில் மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் என்ற சாதாரண சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. இந்த இரண்டும் இருந்தால் விண்ணப்பிக்கத் தகுதி வந்துவிடும். அதன்பிறகு, பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடும்படி தரப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளிதான் பேசும். விஞ்ஞான, கணிதத் துறைகள் போன்றவற்றில் இடங்களில் 40 வீதம் முழுத் தீவுக்குமான திறமை ஒழுங்கில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறுக்குள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் இருக்கின்றன. சனத்தொகை குறைந்த மாவட்டங்கள் என்பதால் 55 வீதத்தில் எங்களுக்கு வரும் இடங்கள் கொஞ்சம்தான், ஆனால் இடம் கிடைப்பதற்கான குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளியும் பெரும்பாலும் மற்ற மாவட்டங்களை விடக் குறைவாகவே நிற்கும். கொழும்பிலுள்ள ஒரு பிள்ளையின் புள்ளியோடு உம்முடையதை ஒப்பிட்டு மனம் சோர்ந்து விண்ணப்பிக்காமல் விடுவது பெரிய நட்டம்.

சாதாரண தரம் முடிய யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போய் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளும் இதைக் கவனிக்கவேண்டும். எந்த மாவட்டத்துக்குள் உம்மைச் சேர்ப்பது என்று பார்க்கும்போது, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்தப் பாடசாலையில் படித்தீர் என்பதிலிருந்துதான் தொடங்குவார்கள். மாவட்டம் மாறிப் படித்திருந்தால் விடுகைப் பத்திரம், அதிபரின் கடிதம், பெற்றோரின் வதிவிட ஆதாரம் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருக்கவேண்டும்.

விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கு எழுதுவதுதான் மிக முக்கியமான இடம். ஒவ்வொரு நெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் இலக்கம் இருக்கும், பிள்ளைகள் அதை யூனிகோட் என்பார்கள். உம்முடைய புள்ளிக்கு எட்டுகிற, பட்டியலில் மேலே இருக்கிற தெரிவுதான் கிடைக்கும். ஆசிரியராக வருவதுதான் மெய்யான விருப்பம் என்றால் யாழ்ப்பாணப் பௌதிக விஞ்ஞானத்தையும் வவுனியாப் பிரயோக கணிதத்தையும் மேலேயே எழுதும். சொந்தக்காரருக்குச் சொல்ல அழகாக இருக்கும் நெறிகளை மேலே அடுக்கிவிட்டு, மனசுக்குப் பிடித்ததைக் கீழே போடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அதனால் விருப்பமில்லாத ஒன்று கிடைத்து, இரண்டாம் வருடத்தோடு சலித்துப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். பொறியியல் கிடைத்தால் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எது முதலில் வேண்டும் என்பதை நீரே தீர்மானித்து எழுதவேண்டும்.

பட்டப்படிப்பில் என்ன இருக்கும், அது வகுப்பறைக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஆண்டு 8 பிள்ளைக்குப் பின்னம் படிப்பிக்க மெய்ப் பகுப்பாய்வு எதற்கு என்று நேரடியாகவே என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இதற்குப் பதில் சொல்ல ஒரு கணக்கே போதும். மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் ஏன் நேர் வருகிறது? ஏதாவது ஒரு வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை இதைக் கேட்கும். விதி அப்படித்தான், பாடமாக்கு என்று சொல்லி முடித்தால், அந்தப் பிள்ளை அன்றோடு கேள்வி கேட்பதை நிறுத்திவிடும். பல்கலைக்கழகத்தில் எண் தொகுதிகளை அடிப்படையிலிருந்து கட்டிப் படித்த ஆசிரியர் வேறு மாதிரிச் சொல்வார். எந்த எண்ணையும் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம். பூச்சியத்தை 1 + (−1) என்று எழுதலாம். ஆகவே (−1) × [1 + (−1)] = 0. அடைப்பை விரித்தால் முதல் உறுப்பு −1, இரண்டாவது (−1) × (−1). இரண்டையும் கூட்டினால் பூச்சியம் வரவேண்டும். −1 உடன் எதைக் கூட்டினால் பூச்சியம்? +1. அப்படியென்றால் (−1) × (−1) வேறு எதுவாகவும் இருக்க முடியாது. கரும்பலகையில் நாலு வரி. ஆண்டு 8 பிள்ளைக்கு விளங்கும். ஆனால் அந்த நாலு வரியைத் தேடி எடுக்கிற மனம், நிறுவல் என்றால் என்ன என்று ஒருமுறையாவது முழுமையாகப் படித்தவருக்குத்தான் இயல்பாக வரும். பூச்சியத்தால் ஏன் வகுக்க முடியாது, 0.999 என்று முடிவில்லாமல் போவது ஏன் 1 க்குச் சமன், எந்த எண்ணின் வர்க்கம் 2 என்று கேட்டால் அதை ஏன் பின்னமாக எழுத முடியாது, இவை எல்லாம் அப்படித்தான்.

பட்டத்தின் முதல் வருடம் வன்னிப் பிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று மொழி. பள்ளிக்கூடத்தில் தமிழில் வகையீடு, தொகையீடு, தாயம் என்று படித்துவிட்டு, அங்கே விரிவுரை, குறிப்பு, பரீட்சை எல்லாம் ஆங்கிலத்தில். தொடக்கத்தில் ஆங்கில வகுப்பு வைப்பார்கள், ஆனால் அது மட்டும் போதாது. ஆறுதலான விடயம், கணித ஆங்கிலம் சின்னது. முந்நூறு நானூறு சொல்லும், "எனின்", "எனவே", "ஒவ்வொரு", "ஏதாவது ஒரு" ஆகியவற்றை இணைக்கும் சில வசன அமைப்புகளும் பிடிபட்டால் பாடநூலை வாசித்துவிடலாம். இரண்டாவது காரணம், நாங்கள் உயர்தரத்துக்குப் படிக்கும் முறை. இணைந்த கணிதத்தின் இரண்டு வினாத்தாளிலும் பகுதி ஏ யில் பத்து வினா, பகுதி பி யில் ஏழு வினாவில் ஐந்து செய்தால் போதும். ரியூசனில் என்ன செய்கிறார்கள்? எந்த இரண்டை விடலாம் என்று பார்த்து அந்த அலகுகளைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். நிகழ்தகவையும் புள்ளிவிபரவியலையும் முழுதாக விட்டுவிட்டு நல்ல சித்தி எடுத்தவர்கள் நிறையப் பேர். பரீட்சைக்கு அது உத்தியாக இருக்கலாம். கணித ஆசிரியராக வரப்போகிறவர் விட்டுவிடக்கூடிய அலகு என்று ஒன்றும் இல்லை, ஆண்டு 6 முதல் 11 வரையான பாடத்திட்டத்தில் தரவும் நிகழ்தகவும் வந்துகொண்டே இருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு செய்தி, எங்கள் மண்ணோடு சம்பந்தப்பட்டது என்பதால். 1947 இல் வவுனியாத் தொகுதியின் முதல் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான செ. சுந்தரலிங்கம், அரசியலுக்கு வருமுன் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய அரசியலைப் பற்றிப் பலருக்குப் பல கருத்து இருக்கலாம், அது வேறு கதை. கணிதம் என்றால் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கும் கொழும்பு ஆட்களுக்கும் உரியது என்று நினைக்கிற வன்னிப் பிள்ளைகளுக்கு, எங்கள் பகுதிக்காக முதலில் பாராளுமன்றத்தில் எழுந்து பேசியவரே ஒரு கணிதப் பேராசிரியர் என்பது தெரிந்திருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்போது கல்வியியற் கல்லூரி. பட்டம் கிடைக்காதவர்கள் போகிற இடம் என்று இதைத் தாழ்வாகப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். நாடு முழுவதும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. எங்களுக்குக் கிட்டவாக வவுனியாவில் பூந்தோட்டத்தில் ஒன்று, கோப்பாயில் யாழ்ப்பாணக் கல்லூரி. இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமாவும் இலங்கை ஆசிரியர் சேவையில் நியமனமும். தங்குமிடம் அரச செலவில், மாதாந்தம் ஒரு கொடுப்பனவும் உண்டு. வீட்டுக்கு உடனடியாக ஒரு சம்பளம் தேவை, அப்பாவுக்கு ஏலாது, கீழே தம்பி தங்கைகள் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இதைவிட உறுதியான வழி கிடையாது. வகுப்பை நடத்துவது, பாடத்தைத் திட்டமிடுவது, பின்தங்கிய பிள்ளையை இனங்காண்பது ஆகியவற்றில் கல்லூரியில் பயின்று வந்தவர்கள் புதுப் பட்டதாரிகளை விட முன்னால் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆண்டு 6 முதல் 11 வரை படிப்பிக்க அது நல்ல அத்திவாரம்.

அதற்கான அனுமதி அரச வர்த்தமானியில் வரும். உயர்தரப் பெறுபேறு, சாதாரண தரத்தில் கேட்கப்படும் சித்திகள், 25 வயதுக்குட்பட்டவர், திருமணமாகாதவர் என்று நிபந்தனைகள் இருக்கும். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடநெறி, அதற்கு உயர்தரத்தில் எந்தப் பாடம் வேண்டும் என்பதும் அதிலேயே. பரீட்சை எழுதிய வருடத்துக்கும் விண்ணப்பம் கோருவதற்கும் இடையில் நீண்ட இடைவெளி விழுவது வழக்கம் என்பதால், பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வர்த்தமானியையும் பார்த்துக்கொண்டே இரும். இரண்டுக்கும் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஆனால் இரண்டிலும் ஒரே நேரத்தில் மாணவராகப் பதிந்திருக்க முடியாது.

கல்லூரி வழியைத் தெரிவு செய்தவருக்குப் பட்டத்தின் கதவு மூடுவதில்லை. நியமனம் எடுத்த பிறகு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் செய்யலாம், அதில் தூய கணிதமும் பிரயோக கணிதமும் பாடங்களாக இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அதன் நிலையங்கள் உண்டு. கட்டணம் கட்டவேண்டும், ஆனால் எடுக்கிற பாடத்துக்கு ஏற்றபடிதான், தவணையிலும் கட்டலாம். மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகமும் சேவையிலுள்ள ஆசிரியர்களுக்குக் கல்விமாணிப் பட்டம் நடத்துகிறது. இங்கே என் மனதில் கிடக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். சம்பள உயர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும் என்று, கணித டிப்ளோமா எடுத்தவர்கள் கணிதத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு வெளிவாரிப் பட்டத்தை எடுத்து முடிக்கிறார்கள். வேலை, பிள்ளைகள், பயணம் என்று அவர்கள் படும் பாடு எனக்கு விளங்கும், குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்த நாலைந்து வருட உழைப்பைக் கணிதத்திலேயே போட்டிருந்தால் மல்லாவியிலும் முழங்காவிலிலும் இணைந்த கணிதம் படிப்பிக்க ஆள் தேடி அலையும் நிலை குறைந்திருக்கும். நீர் அந்த வழியால் போனால், மெல்லமாகப் படித்தாலும் பரவாயில்லை, கணிதப் பட்டமே படியும்.

பட்டதாரிகளுக்கு உள்ள கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பட்டம் கையில் வந்த மறுநாள் நியமனம் வராது. மாகாண அரசு வெற்றிடங்களை அறிவித்து, போட்டிப் பரீட்சை வைத்து, நேர்முகம் நடத்தித்தான் பட்டதாரி ஆசிரியர்களை எடுக்கும். அது எப்போது வரும் என்பது நிதியையும் அரசியலையும் பொறுத்தது. இடையில் பொதுவான பட்டதாரி நியமனங்கள் வந்தபோது அபிவிருத்தி உத்தியோகத்தராகப் போய்ப் பிரதேச செயலகங்களில் இருந்துவிட்ட விஞ்ஞானப் பட்டதாரிகளும் உண்டு. ஆனால் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு வன்னியில் வெற்றிடம் இல்லாத காலம் என்று ஒன்றை நான் கண்டதில்லை, அதனால் கணிதப் பட்டதாரியின் காத்திருப்பு கலைப் பட்டதாரியின் காத்திருப்பைப் போல நீளுவது குறைவு. உம்முடைய பட்டத்தில் கணிதம் ஒரு பிரதான பாடமாகப் பதிவாகியிருக்கிறதா என்பதை மட்டும் பாடங்களைத் தெரிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளும். ஆட்சேர்ப்பு அறிவித்தலில் அதைத்தான் கேட்பார்கள். நியமனத்துக்குப் பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்யவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வி நிறுவகம் எல்லாம் நடத்துகின்றன. கற்பித்தல் பயிற்சி பட்டதாரிக்கு அங்கேதான் கிடைக்கிறது என்பதால், அதைச் சான்றிதழுக்காக மட்டும் செய்துவிடக்கூடாது.

சரி, காசு. முதலாவது மகாபொல. 1981 இல் லலித் அத்துலத்முதலி தொடங்கிய நிதியம். உயர்தரப் பெறுபேற்றில் முன்னணியில் இருப்பவர்களுக்குத் திறமை அடிப்படையிலும், மற்றவர்களுக்கு வீட்டு வருமானத்தைப் பார்த்தும் வழங்கப்படுகிறது. பல வருடமாக 5,000 ரூபாவாக இருந்த மாதத் தொகையை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக உயர்த்தினார்கள். மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தினூடாக பேர்சரி என்று சொல்லும் உதவிப்பணம் உண்டு, அதையும் அதே திட்டத்தில் 4,000 இலிருந்து 6,500 ஆக்கினார்கள். இந்தத் தொகைகள் வரவு செலவுத் திட்டத்தோடு மாறுபவை, பதியும்போது நடப்புத் தொகையைக் கேட்டுக்கொள்ளும். இரண்டையும் ஒருவர் எடுக்க முடியாது. வருடத்தில் பத்துத் தவணையாகத்தான் மகாபொல வரும், பன்னிரண்டு மாதத்துக்கும் வராது என்பதைக் கணக்குப் போடும்போது நினைவில் வையும்.

வருமானச் சான்றுதான் இதில் உயிர். கிராம அலுவலர் எழுதி, பிரதேச செயலகம் உறுதிப்படுத்தவேண்டும். வீட்டில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதும் பார்க்கப்படும், ஆகவே தம்பி தங்கைகளின் பாடசாலைக் கடிதங்களும் வேண்டும். போரில் தகப்பனை இழந்த, காணாமல் போனோர் பட்டியலில் ஒருவர் இருக்கிற குடும்பங்கள் எங்களிடம் அதிகம். இறப்புச் சான்றிதழோ, காணாமல் போனமைக்கான சான்றிதழோ இருந்தால் அதன் பிரதியையும் இணையும். அதை எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது உம்முடைய வீட்டின் உண்மை நிலை, உதவிப்பணமும் அதற்காகவே இருக்கிறது.

முதல் மூன்று நான்கு மாதம்தான் நெருக்கடி. பதிவு முடிந்து, பரிசீலித்து, பட்டியல் வந்து, முதற் தவணை வங்கிக்கு வரும்வரை வீட்டுக் காசில்தான் இருக்கவேண்டும். முதலாம் வருடத்தில் விடுதி கிடைப்பது அனேகமாகச் சாத்தியம், விடுதிக் கட்டணமும் வெளி அறை வாடகையோடு பார்த்தால் மிகச் சிறிது. ஆகவே பெறுபேறு வருவதற்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த நாலு மாதச் சாப்பாட்டுக் காசைச் சேர்ப்பதையே இலக்காக வையும். ஆண்டு 9, 10 பிள்ளைகளுக்கு ஊரில் மாலை வகுப்பு எடுத்தால் காசும் வரும், உமக்குப் படிப்பிக்கிற வேலை பிடிக்கிறதா என்பதும் தெரியும்.

இன்னும் உயர்தரம் படித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் வழிகள் உண்டு. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, அரசின் வறுமை ஒழிப்புத் திட்டமான சமுர்த்தியூடாகச் சிப்தொர புலமைப்பரிசில். ஜனாதிபதி நிதியத்தால் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த, வருமானம் குறைந்த பிள்ளைகளுக்குக் கல்வி வலயம் தோறும் உயர்தரக் காலத்துக்கான மாதக் கொடுப்பனவு. துணுக்காய், மடு, வவுனியா வடக்கு போன்ற வலயங்களில் போட்டி அந்த வலயத்துக்குள்ளேயே இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. இந்திய உயர்ஸ்தானிகரகமும் உயர்தர மாணவருக்கு மகாத்மா காந்தி பெயரில் ஒரு புலமைப்பரிசில் வைத்திருக்கிறது. இவை அதிபரின் அறைச் சுவரில் ஒட்டப்பட்டு, முடிவுத் திகதி கடந்து, பிறகு கிழிக்கப்படுவதுதான் அனேக இடத்தில் நடக்கிறது. வகுப்பாசிரியரிடம் வாரம் ஒருமுறை கேட்பது தொல்லை என்று நினைக்கவேண்டாம்.

பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டில் உள்ள எங்கள் ஆட்களும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மாதம் மாதம் அனுப்புகிறார்கள். மெய்யான உதவி அது, பலர் அதில்தான் படித்து முடித்தார்கள். எத்தனை மாதத்துக்கு, எந்தத் திகதியில், யாருடைய கணக்குக்கு என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளும். உதவி செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இருபது வயதுப் பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டுப் படம் எடுத்து எல்லாருக்கும் காட்டாமல், வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு அரசு அறிமுகப்படுத்திய வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றும் உண்டு. தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க. அதிலுள்ள நெறிகள் பெரும்பாலும் கணினி, முகாமைத்துவம், பொறியியல் சார்ந்தவை. கணித ஆசிரியராவதற்கு அந்தக் கடனைத் தலையில் ஏற்றவேண்டாம்.

இந்தியாவைப் பற்றிக் கேட்டீர். இந்திய அரசு இலங்கை மாணவருக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில் என்ற பெயரில் முதற்பட்டத்துக்கும், மௌலானா ஆசாத் பெயரில் பட்டப்பின் படிப்புக்கும் வழங்குகிறது. கல்விக் கட்டணத்தோடு மாதப் படியும் அடங்கும். கொழும்பிலுள்ள உயர்ஸ்தானிகரகம் வருடந்தோறும் விண்ணப்பம் கோரும். ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையும் எழுதவேண்டிவரும். அங்கே விஞ்ஞானமாணியும் கல்விமாணியும் ஒன்றாக இணைந்த நாலு வருடப் பட்டங்கள் இருக்கின்றன, ஆசிரியராக வர விரும்புகிறவருக்கு அது கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் படிக்கப்போகும் பல்கலைக்கழகத்தை எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று போகுமுன் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். திரும்பி வந்து கேட்டால் காலம் கடந்துவிடும். இங்கே இடம் கிடைத்தால் முதற்பட்டத்தை இங்கேயே முடித்து, முதுமாணிக்கு இந்தியா போவதுதான் நல்லது என்பது என் கருத்து. பாடசாலை, வலயம், பாடத்திட்டம் எல்லாம் இங்கேதான், அதைத் தெரிந்த ஆட்களோடு நாலு வருடம் இருப்பதற்கு ஒரு பெறுமதி உண்டு.

ஆசிரியராகி ஐந்து வருடம் முடித்த பிறகு ஜப்பான் அரசின் ஆசிரியர் பயிற்சிப் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். 35 வயதுக்குட்பட்ட, சேவையிலுள்ள ஆசிரியர்களுக்கு, ஜப்பானிய மொழிப் பயிற்சியோடு ஏறக்குறைய ஒன்றரை வருடம். பட்டம் தரமாட்டார்கள். ஆனால் அங்கே ஒரு கணக்கை எடுத்து முழுப் பாடவேளையும் பிள்ளைகளைக் கொண்டே பல வழியில் செய்விக்கும் முறையையும், ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் மற்றவர் இருந்து பார்த்துக் கலந்து பேசும் முறையையும் நேரில் கண்டு வரலாம். இப்போதைக்கு இதைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

பெறுபேறு வரும்வரை என்ன செய்வது? இணைந்த கணிதத்தின் கடந்தகால வினாத்தாள்களை எடுத்து, பரீட்சைக்கு நீர் விட்ட அலகுகளை மட்டும் செய்யும். நேரம் பிடிக்கவேண்டாம், புள்ளியும் போடவேண்டாம். அதே வினாத்தாளின் ஆங்கில மொழிப் பிரதியைத் தேடி எடுத்துத் தமிழ்ப் பிரதியோடு பக்கத்தில் வைத்து வாசித்தால், முதலாம் வருடத்தின் மொழிப் பிரச்சினையில் பாதி இங்கேயே குறைந்துவிடும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாரும். இடம்பெயர்வுக் காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இதில் பிழை இருப்பது அதிகம், திருத்த மாதங்கள் எடுக்கும். பெறுபேறு வந்ததும் இசட் புள்ளியையும் மாவட்ட நிலையையும் எனக்கு எழுதி அனுப்பும். விருப்ப ஒழுங்கை அனுப்புமுன் அப்பாவையும் வைத்துக்கொண்டு மூன்று பேருமாக இருந்து பார்ப்போம்.